குதிரையின் நெற்றி முடி

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் ஓய்வாக இருக்கும்போது படியுங்கள், அவசரமில்லை.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்கே நாற்பத்தைந்து வயது இருக்கும். திருமயம் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் நிலம், டிராக்டர் ஓட்டும் வேலை, அது போக ஒரு வெள்ளைப் பெண்குதிரை. மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, கோயில் ஊர்வலம் என்று வாடகைக்கு விடுவார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"அய்யா, ஒரு சங்கடம். எம் மகன் குதிரைக்கு நெத்தி முடிய வெட்டுறேன்னு அலங்கோலம் பண்ணிப்புட்டான். நீங்க ஒரு எட்டு வந்து பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்ப்பா, நான் சரித்திர வாத்தியார். குதிரைக்கு முடி வெட்ட என்னையா கூப்பிட வந்தே?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க தாத்தா சொல்லியிருக்காருங்கய்யா. உங்கப்பா டேசன்ல ஜட்கா ஓட்டுனவருன்னு. அவரு கை வச்சா எந்தக் குதிரையும் கொழந்தையாட்டம் நிக்குமாம்."

என் மனைவி உள்ளிருந்து காபியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உண்மைதான். என் அப்பா புதுக்கோட்டை ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். 1929-ல் திருச்சியிலிருந்து ரயில் வந்த பிறகு, ரயிலடியிலிருந்து ஊருக்குள் வர ஜட்காதான். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் நூல் பிடித்த மாதிரி போட்ட ராஜவீதிகளில் ஜட்காக்கள் வரிசையாகப் போவதை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்தால் வீட்டில் முதல் வாசனை கொள்ளு வேகும் வாசனை. அதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க மறைத்தேன். பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் பயிற்சியில், வேலைக்கு மனுப் போட்டபோது, எந்தப் படிவத்திலும் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் எழுதியது 'வியாபாரம்'. பெண் பார்க்கப் போனபோதும் அதைத்தான் சொன்னோம். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டினார். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு உழைப்பின் பெருமையைப் பாடம் நடத்தியவன் நான்.

சட்டையை மாட்டிக்கொண்டு அவருடைய பைக்கின் பின்னால் ஏறினேன்.

திருமயம் சாலையில் போனவர்களுக்கு நமணசமுத்திரம் தெரியும். அங்கே அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. வேளார்கள் செய்து, சுட்டு, புரவி எடுப்புக்குத் தூக்கி வந்து நிறுத்திய குதிரைகள். ஊர்ப் பெரியவர்கள் பிடிமண் எடுத்துக் கொடுத்தால்தான் வேளார் வேலையைத் தொடங்குவார் என்பது நம் பக்கத்து முறை. வருடா வருடம் புதிய குதிரை வந்து சேரும், பழையது அப்படியே மழையிலும் வெயிலிலும் நின்று மண்ணாகும். காது ஒடிந்தது, கழுத்து சாய்ந்தது, கால் மட்டும் மிஞ்சியது என்று எல்லாம் உண்டு. ஆலங்குடி வட்டத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரையோ முப்பது அடிக்கு மேல் உயரம். மாசி மகத்தன்று அதன் கழுத்தில் விழும் காகித மாலைகளைப் பார்க்கவே கூட்டம் போகும்.

குதிரையே வளராத மண் இது. ஆனால் ஊருக்கு ஊர் எல்லையில் குதிரை. பைக்கில் போகும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். மண்குதிரையின் கண்ணில் ஈ உட்கார்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. உயிருள்ள குதிரைக்கு அப்படி இல்லை.

வேப்பமரத்தடியில் குதிரை கட்டியிருந்தது. பார்த்ததும் சங்கடமாகத்தான் இருந்தது. கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, பையன் நெற்றி முடியை ஈரமாக்கி, சீப்பால் இழுத்துப் பிடித்து, கத்தரிக்கோலைக் கிடைமட்டமாக வைத்து ஒரே வெட்டு வெட்டியிருக்கிறான். ஈரத்தில் முடி நீளமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறும். கோணலாக இருக்கிறதே என்று மறுபக்கம் கொஞ்சம், பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம். நாமெல்லாம் சின்ன வயதில் கண்ணாடி முன் நின்று செய்த வேலைதான். கடைசியில் கண்ணுக்கு மேல் ஒரு ஜாண் தொங்க வேண்டிய முடி நான்கு விரல் அளவுக்கு, வண்ணம் பூசும் பிரஷ் மாதிரி விறைத்து நின்றது. குதிரை தலையை உதறிக்கொண்டே இருந்தது. இரண்டு கண்ணின் ஓரத்திலும் ஈ மொய்த்தது. இடது கண்ணில் நீர் வழிந்து கீழே கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. நெற்றியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுழி. மேல் சுழியை அதுவரை முடி மறைத்துக்கொண்டிருந்தது. மகன் கல்லூரிக் கட்டணத்துக்காகக் குதிரையை விற்கப் பேசி, முன்பணம் கொடுக்க வந்த தரகர், "ரெட்டைச் சுழியாவுல்ல இருக்கு" என்று சொல்லித் திரும்பிவிட்டாராம். அடுத்து வந்தவர் பத்தாயிரம் குறைத்துக் கேட்டிருக்கிறார். பையனை அப்பா அடித்திருக்கிறார். பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

இனி கொஞ்சம் சரித்திரம். வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டீர்கள், என்ன செய்வது.

குதிரைக்கு முடி வெட்டுவது நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் 'கொய்சுவல்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். சுவல் என்றால் பிடரி. கொய்து ஒழுங்கு செய்த பிடரி மயிர் உள்ள குதிரை என்று பொருள். அகநானூற்றின் நான்காவது பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. அதில் தலைவனின் தேரில் பூட்டிய குதிரைக்கு இந்த அடைமொழி உண்டு. பூவில் இணையோடு இருக்கும் வண்டுகள் மிரளக்கூடாதே என்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிற தலைவன் அவன். அந்தக் காலத்தில் குதிரை பெரும்பாலும் தேர் இழுத்தது. நுகமும் வாரும் கழுத்தில் உட்காரும் இடத்தில் நீள மயிர் இருந்தால் சிக்கும், புண்ணாகும். அதனால் கொய்தார்கள். கொய்தது பிடரியை, நெற்றியை அல்ல என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

கலித்தொகையில் மருதன் இளநாகனார் பாட்டு ஒன்று உண்டு. பரத்தை வீட்டுக்குப் போய்வந்த கணவன் 'குதிரை ஏறிவிட்டு வருகிறேன்' என்று புளுகுகிறான். மனைவி விடுவாளா? நீ ஏறிய குதிரையை எனக்குத் தெரியாதா என்று அதன் அங்க அடையாளங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். முதலில் சொல்வதே முடியைத்தான். ஐந்து பகுதியாகப் பிரித்த கூந்தலே கொய்த பிடரி மயிராம். பிறகு காதருகே தொங்கும் சாமரை, கழுத்து மணி, சவுக்கு என்று ஒவ்வோர் அணியாக வருகிறது. ஒரு வீட்டுப் பெண் குதிரையின் அலங்காரம் முழுவதையும் பெயர் சொல்லிக் கேலி செய்ய முடிந்தது என்றால், அந்த அலங்காரத்தைத் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? குதிரையைப் பார்த்துக்கொள்பவனுக்கும் ஒரு நல்ல பழைய சொல் இருக்கிறது: வாதுவன். என் அப்பா ஒரு வாதுவர். இதை எழுத எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகவேண்டியிருக்கிறது.

'உளை' என்று இன்னொரு சொல். பிடரி மயிர் என்பது பொதுப் பொருள். சில இடங்களில் உரையாசிரியர்கள் அதற்குத் 'தலையாட்டம்' என்று பொருள் எழுதுவார்கள். குதிரையின் தலையில் கட்டும் மயிர்க்கொத்து அணி அது. படிக்கும் காலத்திலும் பாடம் நடத்திய காலத்திலும் நான் இதை வெறும் அழகு என்றே நினைத்திருந்தேன். கொஞ்சம் கழித்து இதற்கு வருகிறேன்.

இந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன? கடலில் வந்தன. பூம்புகார் துறையில் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் சொல்கிறார். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்துப் பாண்டியர் காலத்திலும் அதே கதைதான். ஓர்முசு, கீசு, ஏடன் துறைகளிலிருந்து காயலுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியபடி, ஒரு குதிரைக்கு 220 தீனார் செம்பொன். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கருவூலத்திலிருந்து விலை போகும். வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்!

அந்த 1290-களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கடுமையாகவே எழுதியிருக்கிறார். பாண்டியன் வருடத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறான், வருட முடிவில் நூறுகூட மிஞ்சாது, இந்த மக்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் தங்களோடு கூட்டி வருவதில்லை, வேறு யாரும் வருவதையும் தடுக்கிறார்கள், குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருட வியாபாரம் படுத்துவிடுமே என்கிறார். முதல் பாதியை நான் முழுசாக நம்பமாட்டேன். வெளியூர்க்காரர், கேள்விப்பட்டதையும் சேர்த்து எழுதுவார், நம் வெயிலும் தீவனமும் அரபு நாட்டுக் குதிரைக்கு ஒத்துக்கொள்ளாததையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாம் பாதியை நம்புகிறேன். பண்டத்தை விற்றுவிட்டு அதைப் பேணும் வித்தையைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது இன்றைக்கும் நடக்கிற வியாபாரம்தானே.

இந்தக் குதிரை வியாபாரத்தின் பெரிய கதை நம் மாவட்டத்தில்தான் நடந்தது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தோடு திருப்பெருந்துறைக்கு வந்த அமைச்சர் திருவாதவூரர், குருவைக் கண்டு, பணத்தையெல்லாம் கோயிலுக்குச் செலவிட்டு மாணிக்கவாசகர் ஆனார். அந்தத் திருப்பெருந்துறைதான் நம் ஆவுடையார்கோயில். சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டி வந்தார், இரவில் அவை மறுபடி நரிகளாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இதை விரிவாகப் பாடியிருக்கிறார். கோயில் தூணில் குதிரை மேல் வரும் இறைவனை இன்றும் பார்க்கலாம்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. இறைவன் குதிரைகளைச் சும்மா ஒப்படைக்கவில்லை. குதிரையின் இலக்கணத்தை, அதன் சுழிகளின் நன்மை தீமையையும் சேர்த்து, அரசனுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, 'கயிறு மாற்றி'க் கொடுக்கிறார். கயிறு மாறிவிட்டால் அதன்பின் நடப்பதற்கு விற்றவன் பொறுப்பில்லை. நம் மாட்டுச் சந்தையில் இன்றும் விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார், வாங்கியவர் புதுக்கயிறு போடுவார். ஆக, சுழி பார்ப்பதும் கயிறு மாற்றுவதும் தரகர் நேற்று கண்டுபிடித்ததல்ல. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-ல் நகுலனுடைய அசுவ சாஸ்திரத்தை வண்ணப் படங்களோடு அச்சிட்டது. அந்த வகை நூல்களில் சுழி ஒரு பெரிய பாடம்.

ஆனால் சுழி என்பது முடி எந்தப் பக்கம் படிந்து வளர்கிறது என்பது மட்டும்தான். நம் தலையிலும் இருக்கிறது. அப்பா சுழி பார்ப்பாரா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். பார்ப்பார், வாங்கும்போது விலை குறைக்க. விற்கும்போது, "சுழியா வண்டி இழுக்குது, காலுதான் இழுக்குது" என்பார். இதைவிட நேர்மையான சுழி சாஸ்திரத்தை நான் படித்ததில்லை.

நெற்றி முடிக்கு வருகிறேன். கிரேக்கத்தில் செனபோன் என்று ஒரு படைத்தலைவர், சாக்ரடீசின் மாணவர். கி.மு. 4-ம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் குதிரையின் நெற்றி முடியைத் தண்ணீரால் நனைத்துச் சுத்தம் செய்யச் சொல்கிறார். அந்த முடி எவ்வளவு நீளமாக இருந்தாலும் குதிரையின் பார்வையை மறைக்காது, கண்ணுக்கு வரும் தொந்தரவை விரட்டும் என்கிறார். கழுதைக்குக் கண்ணைக் காத்துக்கொள்ள நீண்ட காதைக் கொடுத்த தெய்வம், குதிரைக்கு அதற்குப் பதிலாக நெற்றி முடியைக் கொடுத்ததாம். எங்கோ கிரேக்கத்தில் எழுதியதை ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் என் அப்பா, பள்ளிக்கூடமே போகாதவர், இதையே ஒரு வரியில் சொல்வார்: "அதுக்குக் கையா இருக்கு, ஈய ஓட்ட? நெத்தி முடிதான் கை."

குதிரையோடு பிறந்து குதிரையோடு சாகிற மங்கோலியர்களும் காயடித்த குதிரைகளின் பிடரியைக் கொய்வார்கள், நெற்றி முடியை விட்டுவிடுவார்கள். நம் கொய்சுவலும் அதே கணக்குத்தான். தேசம் தேசமாகக் குதிரைக்காரர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் கடிதம் எழுதிச் சொல்லவில்லை, குதிரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

சரி, வேப்பமரத்தடிக்குப் போவோம்.

பையனைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நின்றான். "நான் திட்ட வரல, எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றதும் வந்தான். முதலில் ஒரு துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் குதிரையின் கண் ஓரத்தைத் துடைக்கச் சொன்னேன். கண் சிவந்து வீங்கினால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும், கைவைத்தியம் கூடாது என்று அவன் அப்பாவிடம் சொல்லிவைத்தேன். சீயக்காய்த் தண்ணீரில் முடியை அலசி, காயவிட்டோம். முடி காயும்வரை கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்பது அப்பா போட்ட முதல் சட்டம். அரை மணி நேரம் அந்தப் பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். குதிரையைப் பற்றி அவனுக்கு நிறையவே தெரிந்திருந்தது. அது எந்தப் பாட்டுக்கு மிரளும், எந்த வெடிக்கு மிரளாது, எந்தக் காலை முதலில் தூக்கும் எல்லாம் சொன்னான். முடி விஷயம் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய தலைமுறை, ஆட்டோ வந்ததும் லாயத்தை இடித்துவிட்டுப் போய்விட்டது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளான நாங்கள் 'வியாபாரம்' என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

காய்ந்த பிறகு வேலையை ஆரம்பித்தேன். ஐம்பது வருடம் ஆகிவிட்டது, கை நடுங்கியது. குதிரையின் முன்னால் நேராக நிற்காமல் பக்கவாட்டில், தோளை ஒட்டி நின்றேன். ஒரு கை அதன் மூக்குத் தண்டின் மேல். மட்டமாக வெட்டிய முடியை மறுபடி மட்டமாக வெட்டிச் சரிசெய்ய முடியாது, இன்னும் குட்டையாகத்தான் போகும். கத்தரிக்கோலை நட்டுக்குத்தலாக, நுனி மேலே பார்க்கப் பிடித்து, அரிசி அளவுக்கு நுனியை மட்டும் கொத்திக் கொத்தி எடுக்க வேண்டும். நடுவில் தொடவே கூடாது, இரண்டு ஓரத்தை மட்டும் மெலிய வைத்தால் நடுமுடி தானாக நீளமாகத் தெரியும். அந்தப் பிரஷ் கோடு கலைந்து, பத்து நிமிடத்தில் முடி முடியாகத் தெரிந்தது.

அடுத்தது காதுக்குப் பின்னால். தலைவார் உட்காரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பிடரி மயிரை மழித்துவிடுவது இப்போது வழக்கம். நல்லவேளை, பையன் அங்கே கைவைக்கவில்லை. அந்த மயிரைக் கொஞ்சம் பிரித்து இரண்டு காதுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து, நெற்றி முடியோடு நூல் வைத்துப் பின்னினேன். அது கண்ணுக்கு மேல் வரை வந்தது. மேல் சுழி பாதி மறைந்தது. அவன் அப்பா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் வந்தது.

ஆனால் ஈ? பின்னிய முடி ஈயை ஓட்டாது, ஆட வேண்டும். பையனிடம், வாலைச் சீவும்போது உதிரும் முடியை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். தூரப் போட்டுவிடுவேன் என்றான். அப்பா அதை ஒரு பழைய பால் டின்னில் சேர்த்துவைப்பார். லாயத்துச் சுவரில் அந்த டின் தொங்கும். நெற்றிப்பட்டை வாரில் வால்முடியைக் கொத்துக் கொத்தாக முடிந்து தொங்கவிடுவார். குதிரைக்குச் சவரி என்பார். குதிரை தலையை ஆட்டினால் சவரி ஆடும், ஈ பறக்கும்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பையனும் நானுமாக வாலைச் சீவி, உதிர்ந்த முடியைச் சேர்த்து, பற்றாக்குறைக்குக் கறுப்பு நூலையும் கலந்து முடிந்தோம். ஏழாவது கொத்தை முடியும்போது எனக்கு அந்தச் சொல் சட்டென்று நினைவுக்கு வந்தது. தலையாட்டம். தலையில் கட்டும் மயிர்க்கொத்து. ஆடினால்தானே ஆட்டம்? ராஜா வீட்டுக் குதிரைக்குக் கட்டிய தலையாட்டமும் காதருகே தொங்கிய சாமரையும் முதலில் ஈ ஓட்டத்தான் வந்திருக்க வேண்டும். பிறகுதான் அது அணியாகி, பாட்டில் ஏறியிருக்க வேண்டும். சாமரம் என்பதே வீசுகிற பொருள் அல்லவா. இது என் ஊகம்தான், தமிழறிஞர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். புலவர் பார்த்தது அழகை. அதைக் கட்டிய வாதுவன் பார்த்தது குதிரையின் கண்ணை.

நெற்றிப்பட்டையை மாட்டியதும் குதிரை இரண்டு தடவை தலையை உதறியது. கொத்துகள் ஆடின. பிறகு தலையைத் தாழ்த்தி நின்றது. பையன் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். நாங்கள் பெரியவர்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

குடுமியான்மலைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுவாமிக்குச் சாத்த வேண்டிய பூவைக் காதலிக்குச் சூட்டிவிட்டார் ஓர் அர்ச்சகர். அந்த நேரம் பார்த்து அரசன் வந்துவிட, அதே பூவை எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு முடி இருந்தது. அரசன் கேட்க, சுவாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்லிவைத்தார். அவரைக் காப்பாற்ற லிங்கத்துக்கே குடுமி முளைத்தது, சிகாநாதர் என்று பெயர் வந்தது என்பார்கள். திரும்பி வரும்போது பைக்கில் இதைச் சொன்னேன். மாணவர் சிரித்தார். "நம்ம குதிரைக்கு அப்புடி ஒடனே மொளைக்காதுங்களேய்யா" என்றார். மாதத்துக்கு முக்கால் அங்குலம், மிஞ்சினால் ஓர் அங்குலம். பழைய நீளம் வர ஒரு வருடம் ஆகும் என்றேன்.

"விக்கிறதத் தள்ளிப்போடுறேங்கய்யா" என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு. கட்டணத்துக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். ஆவணி முகூர்த்தம் ஆறு பேசியிருக்கிறதாம், மிச்சத்துக்கு டிராக்டர்க்காரரிடம் கேட்கப் போகிறாராம். நாலு வருடமாக இதே ரெட்டைச் சுழிதான் வீட்டுக்குச் சோறு போட்டது என்பதை அவரே சொன்னார், நான் சொல்லவில்லை.

அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குக் கல்யாணமான மறுவாரமே தெரியும், மாமாவே சொல்லிட்டாரு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு நான் காட்டிக்கல" என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா இறந்தே இருபத்தேழு வருடம் ஆயிற்று.

போன வாரம் பேத்தியின் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். அவளுடைய கொள்ளுத் தாத்தா பெயருக்குக் கீழே தொழில் என்ன எழுத என்று கேட்டாள். ஜட்கா என்றால் என்ன என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவளே ஒரு குதிரையை வரைந்தாள். நெற்றி முடியை மறந்துவிட்டாள், போடச் சொன்னேன்.

இன்று காலை அந்தப் பையன் படம் அனுப்பியிருந்தான். கண் தெளிந்துவிட்டது. முடி இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வளர்ந்து, மேல் சுழியின் விளிம்பைத் தொட்டிருக்கிறது. படத்தின் ஓரத்தில், லாயத்துச் சுவரில் ஒரு பால் டின் தொங்குகிறது.